மிளகும் மூன்று உறிஞ்சு இயந்திரங்களும்

கோபத்தாலேயே ஒரு கட்டடத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியும் என்று நிரூபித்த மனிதர் இந்த ராஜதானி முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் மிளகு. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை மாதா மாதம் என் கையால் எழுதியும் எனக்கே மறந்துவிட்டது. ஆள் குட்டை, கறுப்பு, உருண்டை. கிட்டப் போனால் கண் எரியும்.

அவரை இப்போது நினைக்க வைத்தவர் என் மாப்பிள்ளை. சென்னையில் அவர் வீட்டில் இரண்டு நாய்களும் ஒரு பூனையும் இருக்கின்றன. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் கட்டியிருக்கும் வேட்டி கம்பளியாகிவிடுகிறது. அதனால் நின்றபடி தள்ளுகிற மின்சாரத் தூசி உறிஞ்சி ஒன்று வாங்கப் போகிறாராம். "நீங்கள் நடைமுறை தெரிந்தவர், எதைத் தேர்ந்தெடுக்கலாம்?" என்று கேட்டு மூன்று விளம்பரத் தாள்களை அனுப்பியிருக்கிறார். மூன்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வீடு பெருக்குகிற எவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. "செல்லப் பிராணிகள் வளர்க்கும் இல்லங்களுக்கு உகந்தது" என்று மூன்றிலும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உறிஞ்சின முடியை எங்கே கொட்டுவது என்று ஒன்றிலாவது ஒரு வரி இருக்க வேண்டுமே? கிடையாது. எழுதினவன் எவனும் ஒரு நாயோடு ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. இந்த அயோக்கியத்தனத்தைப் படித்ததும் எனக்கு மிளகு நினைவு வந்துவிட்டது.

அப்போது நான் ஒரு துரையிடம் கேம்ப் குமாஸ்தா. வருஷத்தில் பாதி கொல்லிமலை மேல் பங்களாவில் கழியும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எல்லோரும் நடந்துதான் ஏற வேண்டும். துரைசானிக்கு மட்டும் டோலி. பங்களாவைப் பெருக்கும் வேலை மிளகுக்கு. அந்த மலைமேலேயே உள்ள வளப்பூர் நாட்டுக்காரர். தன் பங்குச் சாமைக் காட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டுப் பங்களாவின் பின்கொட்டகையிலேயே குடியிருந்தார்.

அவருக்கு யார் மேல் கோபம் என்று கேட்பதைவிட யார் மேல் இல்லை என்று கேட்பது சுலபம். காற்றைத் திட்டுவார். பலா மரத்தைப் பார்த்து, "ஏன், இப்பத்தான் எல உதுக்கோணுமா? நான் அந்தப் பக்கம் போறவரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்று சண்டைக்குப் போவார். ஒரு மழை நாளில் பெரிய எஞ்சினீயர் ஒருவர் சேற்றுக் காலோடு வந்தார். மிளகு துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி, "பூட்சக் கழட்டுங்க சாமி" என்றார். "நான் யார் தெரியுமா?" என்று எஞ்சினீயர் உறுமினார். "தெரியாதுங்க. சேறு தெரியுதுங்க." எஞ்சினீயர் கழற்றினார். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அதற்கும் மிளகு ஒன்று சொன்னார். அதை நான் பத்திரிகையில் எழுத முடியாது.

அவருடைய பரம வைரிகள் துரையின் மூன்று சடை நாய்கள். துரை வைத்த பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அவராக வைத்தார்: கம்பளி, ஜமுக்காளம், தலகாணி. மூன்றிலும் தலகாணிதான் மோசம். அது ஒரு முறை உடம்பைக் குலுக்கினால் இன்னொரு நாய் செய்யும் அளவுக்கு முடி விழும். ரத்தினக் கம்பளத்தில் ஒட்டின அந்த முடியை ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஈரத் தவிடு தூவி, மலைப்புல் துடைப்பத்தால் ஒரே பக்கமாகச் சீவி எடுப்பார். எடுக்கும்போது நாய்களின் வம்சத்தை ஏழு தலைமுறைக்கு விசாரிப்பார். தலகாணி வாலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் துரைசானியின் சூப்பில் ஒரு முடி மிதந்தது. ஒரே முடிதான். ஆனால் மறுநாளே சீமைப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து துரை என் மேஜையில் போட்டார். மின்சாரம் வேண்டாத, கையால் தள்ளுகிற உறிஞ்சு இயந்திரம். மூன்றைச் சோதனைக்கு வரவழைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

விதி எனக்குத் தெரியும். இயந்திரம் வாங்க வேண்டுமானால், அது யாருடைய வேலையைச் செய்யப் போகிறதோ அந்த ஆள் இனி எதற்கு என்று மேலிடம் கேட்கும். துரை சொன்னார், நான் எழுதினேன்: "இயந்திரம் வந்தபின் பெருக்கும் ஆள் தேவைப்படமாட்டார், அந்த வேலையை ரத்து செய்யலாம்." பன்னிரண்டு வருஷ ஊழியத்தைத் துடைக்க ஒன்றரை வரி போதுமாக இருந்தது. அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். மற்ற எதையும் பார்க்கவில்லை. அந்தக் குமாஸ்தாவை இன்று கண்டால் பிடரியில் ஒன்று வைப்பேன்.

விஷயத்தை மிளகிடம் நானே சொன்னேன்.

"அப்ப நான் எங்க போறதுங்க? காட்டத் தம்பிக்கு உட்டுட்டேனுங்களே."

"இன்னும் முடிவாகவில்லை. சோதனையில் இயந்திரம் தேறினால்தான்."

"அது கெடக்கட்டுங்க. பங்களாவுல நாய் முடி கெடக்குதுன்னு காயிதத்துல எழுதிப் போட்டீங்களா?"

"எழுதாமல் எப்படி?"

"நாசமாப் போச்சு! மேல இருக்கிறவங்க என்ன நெனப்பாங்க?" என்று துடைப்பத்தைத் தரையில் அடித்தார். வேலை போவதற்கு ஒரு பங்கு கோபம் என்றால் இதற்குப் பத்துப் பங்கு.

முதல் இயந்திரம் ஒரு சென்னை ஏஜெண்டோடு வந்து சேர்ந்தது. கோட்டு, டை, வாய் நிறைய இங்கிலீஷ். இரண்டு சாட்சிகள் முன்னால் ஒரே அறையில் சோதிக்க வேண்டும், சேர்ந்த முடியை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது நான் வகுத்த முறை. துரை ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி. இந்த இயந்திரத்தை ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் துருத்தியை அமுக்க வேண்டும். ஏஜெண்ட் இரண்டையும் தானே செய்தார். அரை மணி நேரம் கழித்துப் பையைத் திறந்தோம். உள்ளே இருந்தது ஒரே ஒரு சட்டைப் பொத்தான். அது ஏஜெண்டினுடையது.

நான் மிளகைத் தனியே இழுத்தேன். "குப்பை எங்கேய்யா?"

"எந்தக் குப்பைங்க?"

"நாய் முடி!"

"காலையில கூட்டிட்டேனுங்க."

"சோதனை இருக்கிற நாளில் யார் கூட்டச் சொன்னது?"

"ஏனுங்க கிளார்க்கு, நாலு பேரு வந்து பாக்கற ஊட்டக் கூட்டாம வெக்கறதா? உங்க ஊட்டுல அப்படித்தான் செய்வீங்களா?"

வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தந்திரம் செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அடுத்த முறை எழுத்தில் உத்தரவு போட்டேன்: சோதனைக்கு முந்தின இரண்டு நாள் அந்த அறையைப் பெருக்கக் கூடாது. உரக்கப் படித்துக் காட்டிக் கைநாட்டும் வாங்கினேன். மிளகு அந்த இரண்டு நாளும் காய்ச்சல்காரர் மாதிரி மரத்தடியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருக்கவில்லை. சத்தியம்.

அதே ஏஜெண்டோடு வந்த இரண்டாவது இயந்திரம் இரும்பு. காரவள்ளியிலிருந்து நாலு ஆள் தூக்கிவந்து, நாலு பேரும் அதைச் சபித்துவிட்டு இறங்கினார்கள். நான் அறைக் கதவைத் திறந்தேன். கம்பளத்தைக் காணோம். தரை முழுக்கப் பச்சைச் சாணி மெழுகி, ஈரம் மினுமினுக்க, ஓரத்தில் ஒரு கோலம். என் பின்னால் வந்த இயந்திரத்தை மிளகு வாசலிலேயே நிறுத்திச் சந்தனம் குங்குமம் இட்டு, கைப்பிடியில் பூவைச் சுற்றினார். ஏஜெண்ட் அதைத் தரையில் ஒரு தள்ளுத் தள்ளினார். அது ஈரச் சாணியை ஒரு வாய் இழுத்தது, சீக்கு எருமை மாதிரி ஒரு சத்தம் போட்டது, அதோடு சரி. பிறகு பேசவே இல்லை.

"உத்தரவை மீறினாயா இல்லையா?" என்று நான் கத்தினேன். கோபத்தில் மரியாதை போய்விட்டது.

"கூட்டக் கூடாதுன்னுதானுங்க எழுதியிருந்தீங்க. மொழுகக் கூடாதுன்னு எழுதலீங்களே. புதுச் சாமான் ஊட்டுக்குள்ள வாரப்ப மொழுகாம உட்டா அது வெளங்குமுங்களா?"

"அது விளங்கினால் உன் வேலை போய்விடும் ஐயா! அதாவது தெரிகிறதா?"

மிளகு என்னை முறைத்தார். "தெரியாமயா? அதுக்காவ அழுக்குல கொண்டுபோய் நிறுத்தறதா? வந்த சாமானுக்கு ஒரு மருவாதி வேணாமுங்களா? என்ன படிச்சீங்க நீங்க?"

எனக்கு எல்லா விதியும் தெரியும். இது எந்த விதியிலும் இல்லை. தந்திரம் என்று நினைத்தேனே, அந்த மனிதருக்குத் தந்திரம் செய்யவே தெரியாது. துரை மட்டும் அதை நம்பவில்லை. மூன்றாவது சோதனையும் கெட்டால், இயந்திரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அன்றைக்கே மிளகு கீழே இறங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே மூன்றாவது முறை நானே பொறுப்பேற்றேன். கம்பளத்தை விரித்து, மூன்று நாய்களையும் ஒரு பகல் முழுக்க உள்ளே விட்டுப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மிளகு வெளியே ஜன்னல் ஜன்னலாக நடந்தார். "தலகாணி! குலுக்காத! சொன்னாக் கேளு சாமி, குலுக்காத!" என்று கெஞ்சினார். தலகாணி அவர் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் இன்னும் பலமாகக் குலுக்கியது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது இயந்திரம் நல்ல இயந்திரம். ஒரு கையால் தூக்கலாம். சக்கரம் உருளும்போதே துருத்தி தானாக வேலை செய்யும். வாய் தரையோடு படியும். தூரிகையில் சிக்கின முடியைக் கையால் உருவிப் போடலாம். ஏஜெண்ட் நாலு தடவை போய்வந்தார். கம்பளத்தின் நிறம் தெரிந்தது. துரை தலையை ஆட்டினார். மிளகு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கோபம் இல்லாமல் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

பை பிதுங்கியது. எல்லோரும் பார்க்கட்டும் என்று ஏஜெண்ட் அதைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே துரைசானி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! அங்க கொட்டாதீங்க! காத்து மேக்கிருந்து வருதுங்க!" என்று மிளகு கூவினார்.

"யூ ஷட் அப்" என்றார் ஏஜெண்ட். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.

கொல்லிமலைக் காற்றை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும், வட்டியோடு. ஒரு பகல் முழுக்க மூன்று நாய்கள் உதிர்த்த முடி ஒரு மேகமாக எழும்பி, ஒரு கணம் யோசித்து, நேராக வீட்டுக்குள் வந்தது. துரைசானியின் கோப்பையில், ரொட்டி வெண்ணெயில், துரையின் மீசையில், என் கோப்புகளில், இன்னும் மை காயாத என் வரிகளின் மேல். வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போன ஏஜெண்ட் சொல்ல முடியாமல் இருமினார். நாய்கள் தங்கள் முடியைத் தாங்களே துரத்திப் பிடித்தன.

மிளகுக்குக் கோபம் திரும்பி வந்தது. அப்பாடா!

"கூறு கெட்டவனே! காத்துப் பாக்காம ஒருத்தன் உதறுவானா? ஓரமாப் போய்யா! அம்மா, கால எடுங்க! தொரை, நகுருங்க!" துரை நகர்ந்தார். ஈரத் தவிடும் துடைப்பமுமாக மிளகு அந்தப் பங்களாவில் சுழன்றதை நான் வர்ணிக்கப் போவதில்லை. கால் மணிக்குள் எல்லா முடியும் பின்பக்கக் குழியில், மேலே மண். ஏஜெண்டின் கோட்டையும் அடித்து உதறிக் கொடுத்தார், ஆள் அதற்குள் இருக்கும்போதே.

துரைசானி சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. துரை மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

மூன்றாவது இயந்திரத்தை வாங்கலாம் என்று எழுதினேன். அதன் பையைக் காலி செய்ய இந்த மலையின் காற்றை மணிக்கு மணி அறிந்த ஓர் ஆள் அவசியம் என்றும், தற்போதைய ஆளைத் தவிர அந்தத் தகுதியுடையவர் இல்லை என்றும், ஆகவே ரத்து யோசனையை ரத்து செய்ய வேண்டும் என்றும் எழுதினேன். மேலிடம் லேசில் விடவில்லை. வேறொருவரைப் பழக்க முடியாதா என்று கேட்டார்கள். காற்றில்லாத வேளையில் கொட்டக்கூடாதா என்று கேட்டார்கள். மலையைப் பார்த்திராத மடையர்கள்! ஒன்றரை வரியில் நான் செய்த பாவத்தைக் கழுவப் பதினேழு கடிதங்கள் பிடித்தன. பதினெட்டாவது அவர்களிடமிருந்து வந்தது. மிளகின் வேலை தப்பியது.

நன்றியா? "என்னமோ எழுதிப் போட்டீங்களாமா. அதுல பங்களாவுல குப்ப இருக்குதுன்னு எழுதல இல்ல?" என்று கேட்டார். பிறகு என் மேஜைக்கடியில் சிந்தியிருந்த ஒரு சொட்டு மையைக் கண்டுபிடித்துக் கால் மணி நேரம் திட்டினார்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. விடிந்ததும் கிளம்பினேன். அவர் வழியனுப்பக்கூட வரவில்லை. பின்பக்கம் தலகாணியைத் திட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மலையிறங்கி, வண்டி பிடித்து, ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு வாரத்தில் எனக்குப் பின் வந்த குமாஸ்தாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முறைப்படி எண் போட்டு, விளக்கம் கேட்டு எழுதியிருந்தார்:

"தாங்கள் தங்கியிருந்த அறையை மட்டும் பெருக்கும் ஆள் இன்றுவரை பெருக்க மறுக்கிறான். அறையில் நாய் முடி குவிந்து கிடக்கிறது. கண்டித்தால், 'அவரு இன்னும் ஊடு போய்ச் சேந்தாரோ என்னமோ, அதுக்குள்ள கூட்டலாமுங்களா?' என்று என்னையே அதட்டுகிறான். தாங்கள் ஊர் சேர்ந்த விவரத்தை உடனே தெரிவிக்கவும்."

முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் பதில் போடாமல் விட்ட கடிதம் அது ஒன்றுதான். வந்து சேர்ந்துவிட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.