பெரிய ஐயாவின் இரண்டு இருமல்

சிரிப்பு வரும். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே வராது. முதலில் கல்லறைகள் கிடக்கிற சேமக்காலைக்குள் போகவேண்டும்.

நான் ஜெயனி. வயது பதினாறு. பள்ளிக்கூட அதிபர், மீன்காரி, பூசை வைக்கிற சுவாமி, ஆர் குரலைக் கேட்டாலும் அரை மணித்தியாலத்தில் என் தொண்டைக்குள் குடிவைத்துவிடுவேன். இதற்காக அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கினது கொஞ்சமில்லை. ஆகவே அந்தப் புதன்கிழமை அம்மாவே வந்து, "பிள்ளை, செத்துப்போன பெரிய ஐயா மாதிரிக் கதைப்பியோ?" என்று கேட்டபோது எனக்குக் காய்ச்சல் வரப்பார்த்தது.

பெரிய ஐயா என்றால் அடைக்கலநாதன். அப்பாவின் கந்தோரில் மேலதிகாரி. போன வருடம் செத்துப்போனார். வாய் திறக்க முதல் இரண்டு தரம் இருமுவார். அந்த இருமல் கேட்டால் அப்பா எழும்பி நின்று சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டுவார். தொலைபேசியில் கேட்டாலும் பூட்டுவார்.

"ஏனம்மா?"

"கொப்பருக்கு வேலை போயிட்டுது. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் கந்தோருக்கு வெளிக்கிடுறார்."

தோய்க்க எடுத்த சேட்டிலிருந்து வந்த கடிதத்தை அம்மா விரித்தார். முன்பக்கம்: பிரிவு மூடியாயிற்று, பதவி இல்லை. பின்பக்கம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பமிட்டுக் கொடுத்தால் வேறு கந்தோரில் எடுப்பார்கள், கொடுக்காவிட்டால் தானாக விலகினதாகக் கணக்கு. ஒப்பமிடும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

"மனுசன் மற்றப் பக்கம் திருப்பிப் பாக்கேல்லை."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"நான் சொன்னா, 'கந்தோர் விசயம் உமக்கென்ன விளங்கும்' எண்டுவார். பெரிய ஐயா சொன்னாத்தான் கேப்பார்."

"பகல் முழுக்க எங்கை இருக்கிறார்?"

அம்மா கடிதத்தைக் காய்ந்த சேட்டின் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, அப்பாவின் காற்சட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் சுண்ணாம்பு. அதன்மேல் மெழுகு. கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்துகிற ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த கிழமை அது. குருநகரில் புதுச் சுண்ணாம்பும் உருகின மெழுகும் ஒன்றாய்க் கிடக்கிற இடம் ஒன்றுதான்.

அடுத்த நாள் மத்தியானம் நான் போனபோது மழை இருட்டு. மதிலுக்கு அப்பால் கடல் கிடந்தது, சத்தமில்லை. வெள்ளையடித்த சிலுவைகளில் காகங்கள் இருந்தன, ஒன்றும் கரையவில்லை. காற்றிலும் அணையாமல் ஒரு மெழுகுதிரி தனியே எரிந்தது. அதன் பக்கத்தில், பெரிய ஐயாவின் கல்லறைக்கு முன்னால், அப்பா. மடியில் பிரிக்காத சோற்றுப் பார்சல்.

நான் செட்டை விரித்த சம்மனசுச் சிலைக்குப் பின்னால் பதுங்கினேன். ஆரோ விட்டுப்போன சுண்ணாம்பு வாளிக்குள் வாயை வைத்தேன்.

"க்ஹும். க்ஹும். எமில்ராஜ்."

பார்சல் விழுந்தது. அப்பா எழும்பினார். பொத்தானைப் பூட்டினார்.

"ஐயா."

"கந்தோர் நேரத்திலை இஞ்சை என்ன வேலை?"

"வேலை இல்லை ஐயா. நிப்பாட்டிப்போட்டாங்கள். கடிதம் வந்தது."

"முழுக்க வாசிச்சனீயோ?"

"முதல் பந்தி வாசிச்சனான். பிறகு கண் இருண்டிட்டுது."

"கவுண்டரிலை சனத்தைத் திருப்பி அனுப்பேக்கை என்ன சொல்லுறனீ?"

"'கடிதத்திலை கடைசி வரியை மட்டும் வாசிச்சுப்போட்டு நாளைக்கு வாங்கோ' எண்டு."

"அப்ப வாசி."

அப்பா பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மறுபக்கத்தைத் திருப்பினார். "மிகை ஆளணியாகக் கருதப்படும் உத்தியோகத்தர்கள், உள்ளீர்ப்பின் பொருட்டு... இதுக்கு என்ன அர்த்தம் ஐயா?"

இருபது வருடம் இப்படிக் கடிதம் எழுதின மனுசன், பேயிடம் அர்த்தம் கேட்கிறார்.

"வேறை கந்தோரிலை எடுக்கினம். நாளைக்கிடையிலை ஒப்பம் வைச்சுக் குடு."

அப்பா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு குரல் உடைந்தது. "ஐயா, பெர்னடெட்டுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. காலமை அவள் சோறு கட்டித் தரேக்கை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

இதற்கு அம்மா எனக்கு வசனம் சொல்லித் தரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது கடல் பக்க மதிலடியிலிருந்து வந்தது.

"க்ஹும். க்ஹும். சொல்லமாட்டன். வீட்டை போ எமில்ராஜ். தேத்தண்ணி குடி."

அச்சொட்டாக அந்தக் குரல். வாளி இல்லாத குரல். என் கழுத்து மயிர் எழும்பி நின்றது. அப்பா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் இரண்டு கல்லறை தாண்டி அவருக்கு முன்னால் ஓடினேன். அவர் கவனிக்கவில்லை. நானும் ஆருக்கும் சொல்லவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் இரண்டு பேர் விளக்கை எரியவிட்டபடி படுத்தோம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ஒப்பம் கொடுத்தாயிற்று.

"பெர்னடெட், என்னைச் சுன்னாகத்துக்கு மாத்தினம். நான் கேக்காமலே."

"அப்பிடியோ" என்றார் அம்மா குசினிக்குள்ளிருந்து.

"கந்தோர் விசயம் உமக்கு விளங்காது. கடைசி வரி மட்டும் வாசிக்கவேணும். அதிலைதான் எல்லாம்."

குசினிக்குள் கோப்பை ஒன்று தட்டுப்பட்டது.

"க்ஹும். க்ஹும். எமில்ராஜ், தேத்தண்ணி ஆறுது."

அப்பா துள்ளி எழும்பினார். பொத்தானைப் பூட்டினார். "இந்தா வாறன் ஐயா" என்று குசினி வாசல் மட்டும் போனார்.

உள்ளே அம்மா மட்டும்தான், கையில் கோப்பையோடு. அப்பா அங்கேயே நின்றார். கை பொத்தானை விடவில்லை.