போண்டோரியாவின் கூரைச் சட்டம்

பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ராஜப்பனுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது.

ரயிலில் யாராவது விட்டுப்போகும் பத்திரிகைகள் எப்படியோ அவன் கைக்கு வந்து சேரும். அரசியல், சினிமா எதுவும் அவனுக்கு வேண்டாம். மூலையில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் துணுக்குகள் போதும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். பட்டாம்பூச்சி காலால் ருசி பார்க்கும். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான், மனுசனுக்கும் ஏழுதான். டீ ஆற்றிக்கொண்டே இதையெல்லாம் அவன் அவிழ்த்துவிட, கேட் கீப்பர் இன்னாசியும் புளி வியாபாரி பச்சியப்பனும் வாயைப் பிளந்து கேட்பார்கள். பிளந்த வாயில் ஈ போனதும் உண்டு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த அறிவை அவன் வீட்டுக்கும் கொண்டுபோனான். மனைவி தீர்த்தம்மாள் கொசுவலை கேட்டாள். கடிப்பதெல்லாம் பொம்பளைக் கொசுதான், உன் சனத்தோடு நீயே பேசித் தீர்த்துக்கொள் என்றான். இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வரச் சொன்னாள். ஒட்டகம் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் நடக்கும் என்றான். என்றானே தவிர, குடத்தைத் தொடவில்லை.

அந்த வருஷம் ஆவணி பிறந்தும் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றவில்லை. பாதி ஓடு உடைந்து, தூறல் போட்டால்கூட நேராக அடுப்பில் ஒழுகும். அவள் 'ஓடு' என்று ஆரம்பித்தாலே ராஜப்பன் ஓடிவிடுவான். ஒருநாள் வாசலில் வழிமறித்தாள்.

"ஐப்பசி மழைக்கு வூடு தாங்காதுங்க. செவுரே ஊறி ஒரு பக்கமா சாயுது."

"இத்தாலியில பைசான்னு ஒரு ஊரு. அங்க ஒரு கோபுரம் எண்ணூறு வருஷமா சாஞ்சேதான் நிக்குது. எவன் பொண்டாட்டியாச்சும் வாயத் தெறந்தாளா?"

தீர்த்தம்மாள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை மழையில் அடுப்பு அணைந்தது. உலையில் விழுந்த கூரைத் தீர்த்தத்தில் சோறு கஞ்சியானது. அதைக் குடித்துவிட்டு, கஞ்சியைக் கண்டுபிடித்தது யார் என்று அவன் ஆரம்பித்தபோதுதான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். வழக்கம்போல் பலகாரம் போட எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"ஏங்க, போண்டோரியான்னு ஒரு நாடு இருக்குதாமே. உங்களுக்குத் தெரியுங்களா?"

ராஜப்பன் ஒரு கணம் யோசித்தான். இன்னாசி பார்த்துக்கொண்டிருந்தார். பச்சியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். சேலம் போக வந்த முன்பின் தெரியாத ஆள்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தெரியாம? தெக்குக் கடல்ல ஒரு தீவு. தலைநகரம் பெல்மாரா."

"அங்க கூரை ஒழுகற வூட்டுக்காரன் பேச்ச யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்களாமே. நெசங்களா?"

கட்டிய பெண்டாட்டி சபையில் வைத்துத் தன்னிடம் சந்தேகம் கேட்கிறாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. காதில் போட்டுக்கொள்வதா, அப்படிப்பட்டவன் நாலு பேர் மத்தியில் வாயே திறக்கக்கூடாது, அது அந்த நாட்டுச் சட்டம் என்றான். அரண்மனை ஒழுகியதால் அந்த நாட்டு ராஜாவே ஒரு மழைக்காலம் முழுக்க ஊமையாக இருந்தார் என்று தன் பங்குக்கு ஒரு ராஜாவையும் சேர்த்துக்கொண்டான்.

இன்னாசி பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். "உன் வூட்டுக் கூரையும் ஒழுகுதில்ல, ராஜப்பா?"

அன்றோடு ராஜப்பனின் சபை கலைந்தது. ஆக்டோபஸ் என்று தொடங்கினால், "மொதல்ல கூரை" என்றார் இன்னாசி. பட்டாம்பூச்சி என்றால், பச்சியப்பன் எழுந்து மேலே அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் ஓசியில் அறிவு வாங்கிய நன்றிகெட்ட ஜனம். உள்ளே தேங்கிய துணுக்குகள் வெளியே போக வழியில்லாமல் ராஜப்பனுக்கு ஏப்பமாக வந்தன.

வீட்டுக்குப் போனதும் குதித்தான். அந்த நாட்டைப் பற்றி எந்தக் காகிதத்தில் படித்தாய், எடு என்றான். காகிதமெல்லாம் இல்லை என்றாள் தீர்த்தம்மாள்.

"அப்ப ஏது அந்தப் பேரு?"

"சட்டியில போண்டா வெந்துக்கிட்டு இருந்துச்சுங்க."

அப்படி ஒரு நாடே கிடையாது என்று ஊருக்கே சொல்லி அவள் மானத்தை வாங்கப்போவதாகக் கத்திக்கொண்டு ராஜப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சொல்லுங்க. நான் பேரு மட்டுந்தான் சொன்னேன். தலைநகரம் நீங்க சொன்னது. ராசாவும் உங்க ராசாதான். அதெல்லாம் பொய்யின்னா, ஆக்டோபசுக்கு மூணு இதயம்னு இனிமே எவன் நம்புவான்?"

ராஜப்பன் வாசல்வரை போனான். திரும்பி வந்து துண்டைக் கொடியில் போட்டான். உண்மையிலேயே ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்தான். அதுதான் அநியாயம். உண்மையைக் காப்பாற்ற ஒரு பொய்க்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

வாரக் கடைசியில் ஓடு வந்து இறங்கியது. ஆள் வைத்தால் தாமதமாகும் என்று அவனே கூரைமேல் ஏறினான். ஒவ்வொரு ஓட்டையும் தன் எதிரியின் தலையில் வைப்பதுபோல் வைத்தான். அடுத்த மழை அடித்துப் பெய்தது. அடுப்பில் ஒரு சொட்டு விழவில்லை. இன்னாசியே வந்து அடுப்பங்கரையில் நின்று பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அன்று சாயங்காலம் ராஜப்பன் தலைவாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கடையில் நின்றான். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். தொண்டையைச் செருமி, "திமிங்கலம் இருக்குதே..." என்று தொடங்கினான்.

"திமிங்கலம் எங்கியும் போயிடாது, இருப்பா," என்று கையமர்த்திய இன்னாசி, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா தீர்த்தம்மா, அந்த போண்டோரியாவுல வேற என்னென்ன சட்டம் இருக்குது?"

கடை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. தீர்த்தம்மாள் நிதானமாகக் கரண்டியிலிருந்த எண்ணெயை வடித்தாள்.

"அங்க டீக்கடையில டம்ளர் கழுவறதெல்லாம் ஆம்பளைங்கதானாம். எனக்கு அரைகுறையாத்தாங்க தெரியும். அவருக்கு நல்லாத் தெரியும், கேட்டுப் பாருங்க."

எல்லோரும் ராஜப்பனைப் பார்த்தார்கள்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, அவன் எச்சில் டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினான்.