ஸ்பீட் பிரேக்கரைத் திட்டிய ஷேர் ஆட்டோக்காரர்

திருப்போரூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே என் ரத்தக்கொதிப்பை ஏற்றியதில் ‘ஒரே ஆளு’வை மிஞ்ச இன்னொருவர் பிறக்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரர். வண்டி முழுக்கக் காலியாக இருக்கும்போதே “ஒரே ஆளு! ஒரே ஆளு!” என்று கூவுவார். நம்பி ஏறினால் நாம்தான் முதல் ஆள். நிரம்பாமல் வண்டியை எடுக்க மாட்டார். தாமதமாக வரும் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் டீச்சராகிய நான், இவர் புண்ணியத்தில் தினமும் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் காலை, வண்டி ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் அலறினார்.

“என்னண்ணா?”

“இன்னா ரோடு போட்டுகிறானுங்க டீச்சர்! வயித்துலயே குத்துது!”

விசாரித்தால், முந்தின நாள் தொப்புளைச் சுற்றி வலியாம். இப்போது வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. வாந்தி, காய்ச்சல், சோறு பிடிக்கவில்லை. வைத்தியம், கோலி சோடா!

“கேஸ் டிரபுள் டீச்சர். இன்னொரு சோடா வுட்டா பூடும்.”

“குடல்வாலா இருக்கும்ணா. என் தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வெடிச்சா உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போங்க!”

“வழியில ரெண்டு பேரு எறங்கி, ரெண்டு சீட்டு காலி கீதே!”

உயிர் போகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு சீட்டு! சாவியைப் பிடுங்கினேன். பின்னால் வந்த ஆட்டோவை மறித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லி, அவரைத் தள்ளி ஏற்றி நானும் ஏறினேன். வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடந்தவர், பஸ் ஸ்டாப் வந்ததும் தலையை நீட்டினார்.

“செங்கல்பட்டு! ஒரே ஆளு!”

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வலது அடிவயிற்றை அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியதைவிட எடுத்ததற்குத்தான் பெரிய அலறல்.

“வண்டி ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா வலி அதிகமாகுதா?”

‘ஒரே ஆளு’ வெற்றிப் பெருமிதத்தோடு என்னைப் பார்த்தார். “பாத்தீங்களா டீச்சர்? ரோடு சரியில்லன்னு டாக்டரே சொல்றாரு!”

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் பார்த்தார். குடல்வால் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. தள்ளிப்போட்டால் வெடிக்கும், உடனே ஆபரேஷன், பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்த ஆள் என் காதருகே, “ஒரு சோடா மட்டும்...” என்கிறார்!

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போதுதான் அந்த வாய் அடங்கியது. “எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல டீச்சர்?”

ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை ஸ்ட்ரெச்சரோடு ஓடினேன்.

நர்ஸ் வெளியே வரும்வரை, அவர் எழுந்ததும் திட்டுவதற்கென்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

“குடல்வாலை எடுத்தாச்சு, நல்லா இருக்காரு. நீங்க பேஷண்ட்டுக்கு யாரு?”

“தங்கச்சி” என்றேன்.