‘ல’வின் தலையில் ஒரு பூ

ஒரு பலகையைக் கெடுப்பதில் பூ பெயின்டரை மிஞ்ச அந்தக் காலத்துக் கண்டியில் ஆள் கிடையாது. எழுத்து எழுதக் கூப்பிட்டால் தோட்டம் போட்டுவிட்டுப் போவார்.

எல்லாம் ஒரு விகாரையால் வந்த வினை. குண்டசாலைப் பக்கம் ஒரு பழைய புத்த விகாரைக் கதவுக்கு வர்ணம் அடிக்கப் போனவர், உள்ளே சுவர்ச் சித்திரங்களைப் பார்த்துவிட்டார். மனிதர், யானை, மரம் போக மிச்சமிருந்த இடமெல்லாம் பூ. இருநூறு வருசத்துக்கு முந்திய கை.

“அந்த மனுசன்தாங்க என் குரு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குருவுக்கு யானை வரையத் தெரியும். சீடருக்கு வந்தது மிச்ச இடம் மட்டும்தான்.

நான் சாமான் நிறுத்துக் கொடுத்த கடையின் முதலாளியை எல்லாரும் நானா என்போம். அவர் புதுப் பலகை எழுதக் கொடுத்தார். ‘பலசரக்குக் கடை’. பெயின்டர் புள்ளி வேண்டிய இடத்திலும் வெள்ளைப் பூ வைத்தார், வேண்டாத இடத்திலும் வைத்தார். ஒன்று ‘ல’வின் தலைமேல் உட்கார்ந்தது. பல் சரக்குக் கடை.

மறுநாளே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா புருசனோடு இறங்கி வந்தாள். அவர் கன்னம் பணியாரம் போல உப்பியிருந்தது.

“கடவாய்ப் பல்லுங்க. நீங்க புடுங்குவீங்களா, மொதலாளியா?”

பெண்களிடம் எனக்கு நா எழாது. கிராம்பு கொடுத்து அனுப்பினேன். அந்த வாரத்தில் கிராம்புச் சாடி காலி.

நானா பெயின்டரைப் பிடித்தார்.

“அந்த ஒரு பூவ அழிங்க. இல்லாட்டிப் பலகைய எறக்கிப் போடுவன்.”

“அழிச்சா அந்த எடம் மொட்டையா நிக்குமே நானா. குரு என்ன நெனப்பாரு?”

“ஒங்கட குருவுக்குப் பல்லு வலிச்சா இஞ்ச அனுப்புங்க. ‘ல’வும் பூவும் ஒரே எடத்துல இரிக்க ஏலா. அவ்வளவுதான்.”

பெயின்டர் ஏணி போட்டு ஏறினார். சொன்னபடியே செய்தார். ‘ல’வை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பூவைப் பெரிதாக்கியிருந்தார்.

பலகை இறங்கியது. நானா அதை அறுத்து அரிசிப் பெட்டிக்கு மூடியாக்கினார். பெயின்டர் அதைப் பார்த்துவிட்டுப் போனவர், பன்வில தேயிலைத் தோட்டப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. நல்லதுதான். தேயிலைச் செடிக்குப் பெயர்ப் பலகை தேவையில்லை.

போன மாதம் நானும் ஒரு சின்னக் கடை போட்டேன். புதிய பெயின்டர் ஒருவர் பலகை எழுதினார். சுத்தமான எழுத்து, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் வலது மூலை மொட்டையாக நின்றது. மூன்று நாள் பொறுத்தேன்.

“அங்க ஒரு பூ போடுங்க. எழுத்துக்கு மேல மட்டும் வேணாம்.”

“என்ன மாதிரிப் பூ?”

அவரை நானா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அரிசிப் பெட்டி மூடியைக் காட்டினேன்.