கல்யாணப் பத்திரிகைக்குள் ஒரு பேய்

ஒருவர் கதை எழுதுவதால் ஊருக்கு ஒரு தீங்கும் இல்லை. எழுதியதை நாலு பேர் படித்தே தீரவேண்டும் என்று அவர் கிளம்பும்போதுதான் மற்றவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. சொந்த அக்காவின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பொறியியல் முடித்துவிட்டு பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் எங்கள் வீட்டில் இருந்தபடி வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்பது வீட்டாருக்குச் சொன்னது.) சென்னைக் கல்லூரி விடுதியில் நாலு வருடத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரு விளையாட்டைத்தான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். "முன்னால் ஒரு பாழடைந்த கோட்டை. என்ன செய்கிறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். செய்ய நினைப்பதை நாம் வாயால் சொல்லவேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக நான் இரண்டு அரியர் வைத்தேன்.

வெளிநாட்டு விளையாட்டு என்பதால் அதன் புத்தகம் முழுக்கப் பனிமலையும் பறக்கும் பூதமுமாக இருக்கும். எனக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர் மார்கழி மாதத்துக் குளியலறைத் தண்ணீர். இதில் ஆர்வம் உள்ளவர்கள் தாங்களே புதுக் கதைகளை எழுதி, துணைநூல் என்று இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள். நானும் ஒன்று எழுதினேன். பெயர் 'ஏழாம் தறி'. இருபத்துநாலு பக்கம். ஒரு நெசவாளர் வீட்டில் ஏழு தறி. ஆறில் மனிதர்கள் நெய்கிறார்கள். ஏழாவதில், யாரும் பார்க்காதபோது, இறந்துபோன ஒருத்தி உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்கிறாள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று இரண்டையும் கோத்து நெய்வதுதான் கோர்வை. விளையாடுகிறவர்கள் அவளை வாளால் வெட்டி விரட்ட வேண்டும். (பட்டு நெய்கிற வீட்டில் வாள் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கே தோன்றவில்லை.)

ஒரு மாதத்தில் பதினோரு பேர் பதிவிறக்கினார்கள். அதில் ஐந்து நான். சரியாக இறங்குகிறதா என்று சோதித்த வகையில். மூன்று என் நண்பன் இர்ஃபான். கல்லூரியில் என்னோடு விளையாடியவன், எங்கள் ஊரில் அவன் குடும்பத்துக்கு ஜரிகைக் கடை. "எதுக்குடா மூணு தடவை?" என்றேன். "நம்பர் ஏறட்டும்னு" என்றான். மீதி மூன்று பேர் யாரென்று தெரியவில்லை. ஒருவர் மட்டும் கருத்து எழுதியிருந்தார்: 'எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது.'

எனவே விளம்பரம் செய்வது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விளையாட்டு அரங்கேற்றம். அதற்கு ஒரு துண்டறிக்கை. அறிக்கை வாசகத்தை இரண்டு நாள் உழைத்து எழுதினேன்:

'இவ்வீட்டில் ஆறு தறிகளில் மனிதர் நெய்கின்றனர். ஏழாவதில் நெய்வது யார்? இங்கே அடியெடுத்து வைத்தவர் எவரும் வந்தபடி திரும்பியதில்லை. துணிவிருந்தால் வருக. ஞாயிறு காலை பத்து மணி.'

அந்த வாரம்தான் மகேஸ்வரி அக்காவின் கல்யாணப் பத்திரிகையும் அச்சாகிக்கொண்டிருந்தது. அதே அச்சகத்துக்காரரிடம் என் தாளையும் கொடுத்து, "அண்ணே, கீழ அட்ரஸ் மட்டும் கல்யாணப் பத்திரிகையில இருக்கறதையே போட்டுடுங்க" என்றேன். அவர் சொன்ன சொல் தட்டாதவர். மேலும் கீழும் இருந்த அத்தனையையும் போட்டுவிட்டார். நாற்பது மஞ்சள் அட்டைகள் வந்தன. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழ் 'அன்புடையீர்'. நடுவில் என் பேய். கடைசியில் 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தர வேண்டுகிறோம். தங்கள் நல்வரவை விரும்பும் முனுசாமி குடும்பத்தார்'. முனுசாமி என் அப்பா.

பார்த்தேன். திருத்தி அடிக்க நாள் இல்லை. தவிர, குடும்பத்தோடு கூப்பிடுவது இன்னும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பத்திரிகைகளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி உறையில் போடுவது வீட்டில் என் வேலை. அக்காவின் சிநேகிதிகளுக்கு என்று நாற்பது பத்திரிகை தனியாக இருந்தது. எல்லாரும் இளம் வயது, படித்தவர்கள், நான் தேடிக்கொண்டிருந்த வாசகர்கள். ஒவ்வோர் உறைக்குள்ளும் என் அட்டை ஒன்றைச் செருகிக் கட்டிவைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்கிற அளவுக்கு அறிவு இருந்தது.

மறுநாள் நான் வெளியே போயிருந்தபோது ஓரிக்கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். தங்கள் பக்கத்துக்கு அடித்த பத்திரிகை தீர்ந்துவிட்டது, நாற்பது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் தடவித் தயாராக இருந்த கட்டை அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார். கட்டைக் காணாமல், அக்காதான் சிநேகிதிகளுக்கு அனுப்பிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"உங்க வூட்ல எத்தினி தறிங்க?"

"ரெண்டு."

"ஏழுன்னு சொல்றாங்களே."

"இல்லீங்க, ரெண்டுதான்."

"சரி, நாளைக்கு நேர்ல வர்றோம்" என்று வைத்துவிட்டார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "நம்மள ஏழு தறிக்காரன்னு நெனச்சுக்கினு இருக்காங்க பாரு" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிறு காலை. தறி இருந்த அறையில் பாய் விரித்து, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, பகடைகளைப் பரப்பிவைத்தேன். கறுப்புத் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டேன். இர்ஃபான் வாசலில் நின்றான். சரியாகப் பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. உள்ளிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"யுவராணி! பதினோரு பேர்!" என்று என் பெயரைக் கூவிக்கொண்டு இர்ஃபான் உள்ளே ஓடிவந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

முன்னால் வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, நல்ல உயரமான அம்மாள். நான் பார்த்தறியாதவர். விளையாட்டுக்கு வயது ஏது என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வாருங்கள். இங்கே உள்ளே வரும் வழி மட்டும்தான் உண்டு" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ பின்பக்கம் கதவு இல்லியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். கையில் என் மஞ்சள் அட்டை.

உயரமான அம்மாள் மாப்பிள்ளையின் அத்தை, கன்னியம்மா. நிச்சயதார்த்தத்துக்கு வரமுடியாதவர். இப்போது விசாரணைக்கு வந்திருந்தார். கூடத்தில் நின்றபடி அட்டையைப் பிள்ளையார் சுழியிலிருந்து உரக்கப் படித்தார். அப்பா தன் பெயர் வந்த இடத்தில் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவதுபோல. "பேரு என்னுதுதான். ஆனா நான் இப்படிக் கூப்பிடலியேமா."

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் வந்தார். "சம்பந்தி, எனக்கு இருக்கறது ஒரே புள்ள. மறைக்காம சொல்லிடுங்க. இந்த வூட்ல இன்னா இருக்குது?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் துப்பட்டாவை எடுத்தேன். "நான்தான்மா எழுதினேன். அது ஒரு வெளாட்டு."

"கல்யாணப் பத்திரிகையிலயா வெளாடுவாங்க?" என்றார் கன்னியம்மா அத்தை. நியாயமான கேள்வி.

அதற்குள் தாய்மாமன் அறையை எட்டிப் பார்த்துவிட்டார். "மெழுகுவத்தி எரியுது. மந்திரிக்கிற காய் மாதிரி இன்னாவோ கெடக்குது" என்று அறிவித்தார். இர்ஃபான் என்னைக் காப்பாற்ற முன்வந்தான். "அங்கிள், அது வெறும் பகடை. இருபது வுழுந்தா ஆளு தப்பிச்சிடுவாங்க. ஒண்ணு வுழுந்தா செத்துடுவாங்க. சிம்பிள்!"

மாப்பிள்ளையின் அம்மா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் வேனை நோக்கிப் போனார்கள். இருபத்துநாலு பக்கமும் என் கண்ணெதிரில் எரிந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் மகேஸ்வரி அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அறைதான் விழும் என்று நான் கன்னத்தைக் கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் நேரே கன்னியம்மா அத்தையிடம் போனாள்.

"அத்தே, இவ லூசுதான். ஆனா எழுதினது கெட்டது இல்ல. நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன். அந்த ஏழாவது தறிக்காரிய நெனச்சு ஒரு நாள் அழுதுக்கினு கூட இருந்தேன். உக்காந்து ஒரு தடவ வெளாடிப் பாருங்க. அப்புறம் கல்யாணம் வேணாம்னு தோணிச்சுன்னா என்கிட்டயே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

இவள் படித்திருக்கிறாளா? சேலை மடிப்பு சரியில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு எதையும் பேசாதவள்.

கன்னியம்மா அத்தை கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். "சொல்லுமா. இன்னா பண்ணணும்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்துகொண்டு நான் கதை சொன்னதில்லை. அத்தை, தாய்மாமன், அக்கா, இர்ஃபான் நால்வரும் விளையாடினார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். முதல் அறை, இரண்டாம் அறை என்று போனார்கள். தாய்மாமன் எதைக் கண்டாலும் "நான் வெளிய ஓடிடறேன்" என்றார். ஒரு வழியாக ஏழாம் தறிக்கு வந்தார்கள். குனிந்த தலையோடு ஒருத்தி கோர்வை நெய்துகொண்டிருக்கிறாள் என்றேன். "வாளை எடுக்கறேன்" என்றான் இர்ஃபான்.

"இருப்பா" என்றார் அத்தை. என்னிடம் திரும்பினார். "கோர்வைன்னா சொன்ன?"

"ஆமா அத்தே."

"பக்கத்துக் கரைக்கு நாடா போட ரெண்டாவது ஆளு எங்க?"

நான் தாள்களைப் புரட்டினேன். இருபத்துநாலு பக்கத்தில் எங்கும் இரண்டாவது ஆள் இல்லை. எங்கள் வீட்டில் அப்பா கோர்வை நெய்யும்போதெல்லாம் இடப்பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளிக்கொடுப்பது அம்மா. பிறந்ததிலிருந்து தினமும் பார்த்தது. அதைத்தான் விட்டிருந்தேன்.

"நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் அப்பா, பின்னாலிருந்து. பேயை மறந்துவிட்டார். தறி தப்பாக இருப்பதுதான் அவரைக் குடைந்திருக்கிறது.

"ஒண்டியா எப்படிமா முடிப்பா?" என்றார் அத்தை. "அதான் பாவம், செத்தும் எழுந்திரிக்க முடியாம உக்காந்துக்கினு இருக்கா. எங்க வூட்டுக்காருக்கு இருவது வருசம் நான் கரை போட்டிருக்கேன். தள்ளு. நான் அவ பக்கத்துல உக்கார்றேன்."

என் புத்தகத்தில் இதற்கு விதி இல்லை. அந்த இடத்திலேயே ஒன்றை உண்டாக்கினேன். "பதினஞ்சுக்கு மேல வுழணும் அத்தே." அவர் பகடையைத் தாயக்கட்டைபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி விட்டார். பதினாறு.

"பதினாறு!" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. "கல்யாணத்துக்கு நல்ல எண்ணு." அப்படிச் சொன்னபோது அவர் லேசாகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீதிக் கதையை, அவள் சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்துவிட்டு எழுந்து போனதை, மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் சொல்லி முடித்தேன்.

வேனுக்குப் போனவர்களையும் கூப்பிட்டு அம்மா எல்லாருக்கும் சாப்பாடு போட்டார். புறப்படும்போது, நாற்பது வீட்டுக்கும் தானே போன் செய்து விளக்கிவிடுவதாகக் கன்னியம்மா அத்தை சொன்னார். அவர் விளக்கிய விதம் கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் பந்தியில் என்னை நிறுத்தி, "சேலைய முடிச்சாளா இல்லியா? கன்னியம்மா பாதியில போனை வெச்சுட்டா" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு அத்தை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேனைத் திருப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. முட்டாள்தனத்துக்கு நடுவில் ஒரு கதை இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தார். அக்கா தன் கல்யாணத்தையே பந்தயமாக வைத்து எனக்கு நாலு வாசகர்களைப் பிடித்துக் கொடுத்தாள். இன்று நான் எழுத்தையே தொழிலாகக் கொண்டிருக்கிறேன். எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அவ்வளவு கவனமாகக் கேட்ட ஒரு கூட்டம் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. துணைநூலின் இரண்டாம் பதிப்பில் வாள் கிடையாது. முதல் பக்கத்தில் 'கோர்வைத் திருத்தம்: கன்னியம்மா அத்தை' என்று இருக்கிறது. எழுத்தையும் பெரிதாக்கிவிட்டேன்.

எட்டு வருடம் ஆகிறது. அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அத்தை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், "இவதான் எங்க வூட்டுக் கல்யாணத்த நிறுத்தப் பாத்தவ" என்றுதான் அறிமுகம் செய்கிறார். கேட்டவர்கள் உடனே பக்கத்தில் இடம் போட்டுக் கொடுக்கிறார்கள்.

போன மாதம் ஓரிக்கைக்குப் போயிருந்தேன். அத்தை வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்கள் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு தோறும் விளையாடுகிறார்களாம். கதைசொல்லி அத்தை. என்னையும் ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் அறையிலேயே அத்தை என்னைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார்.

"அத்தே, புஸ்தகத்துல அங்க கெணறே இல்ல" என்றேன்.

"இப்போ இருக்குது" என்றார், பகடையை அடுத்தவரிடம் நகர்த்தியபடி. "செத்தவங்க பேசக் கூடாது. போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கினு வா."

போட்டுக்கொண்டு வந்தேன்.