எண் கோட்பாட்டுக்கு வந்த ஒரு விண்ணப்பம்

உயர்கல்வியின் உயரம் பாடப்பட்டியலின் நீளத்தால் அளக்கப்படுகிறது என்னும் பேருண்மை, 2006ஆம் ஆண்டு புதுச்சேரியிலுள்ள ஒரு கல்லூரியின் முதுகலைக் கணிதத் துறைக்குத் தெரியவந்தது. தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. மாணவர்கள் தம் விருப்பப்படி பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறை நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஆகவே துறைத்தலைவர் ஜானகிராமன், எட்டாக இருந்த விருப்பப் பாடங்களை முப்பத்திரண்டாக உயர்த்தி, வழவழப்பான தாளில் அச்சிட்டார். ஆசிரியர்கள் முன்போலவே நால்வர்.

அந்தப் பட்டியலை ஒருத்தி முழுவதும் படித்துவிட்டாள் என்பதுதான் துறைக்கு நேர்ந்த விபத்து.

நெல்லித்தோப்பைச் சேர்ந்த பூர்ணிமா இறுதிப் பருவ மாணவி. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் அவளுக்கு முனைவர் பட்டப் படிப்பில் இடம் தருவதாக எழுதியிருந்தது. எண் கோட்பாட்டில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பட்டியலில் பத்தொன்பதாவது பாடம் எண் கோட்பாடு. விண்ணப்பத்தை எழுதி அலுவலகக் கண்காணிப்பாளர் கன்னியப்பனிடம் நீட்டினாள். அவர் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பத்தொம்பதா? இதையெல்லாம் யாரும் எடுக்கறதில்லையே."

"லிஸ்ட்ல போட்டிருக்கே சார்."

"ஓட்டல் போர்டுலகூடத்தான் நாப்பது ஐட்டம் எழுதி வெச்சிருக்கான். போய்க் கேட்டா இட்லிதான் இருக்குன்றான். நீ சண்டையா போடற? தின்னுட்டுத்தான வர்ற?"

"இது இல்லன்னா சென்னை சீட்டு போயிடும் சார்."

கன்னியப்பன் அவளைத் துறைத்தலைவரிடம் அனுப்பினார். ஜானகிராமன் அவளை அன்போடு உட்கார வைத்தார்.

"எண் கோட்பாட்டுல நம்ம துறை நூறு சதவீதத் தேர்ச்சி. தெரியுமாம்மா?"

"அதுல யாருமே சேரலையே சார்."

"சேர்ந்தவங்க அத்தனை பேரும் பாஸ்னு சொல்றேன். பொய்யின்னா, சேர்ந்து ஃபெயிலான ஒருத்தரைக் காட்டு."

பூர்ணிமாவால் காட்ட இயலவில்லை. உறுப்பே இல்லாத வெற்றுக் கணத்தின் உறுப்புகளைப் பற்றி எதைச் சொன்னாலும் அது மெய்யே என்று முதல் பருவத்தில் கற்பித்தவர் அவர்தாம். அந்த வினாவுக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

"இருபத்துநாலு பாடம் இப்படி ஆளில்லாம அருமையா நடக்குது. நீ போய்ச் சேர்ந்தா அந்த நூறு ஆபத்துல மாட்டிக்கும்."

"நான் பாஸாயிடுவேன் சார். யார் சார் நடத்துவாங்க?"

"அட்டவணையில இருக்கற ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் உண்டுன்னு விதி. இது அட்டவணையில இருக்கு. ஆக ஒருத்தர் இருக்கார்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஆள் யாருன்னு காட்டணும்னு கணிதம் என்னிக்கும் கேட்டதில்லம்மா."

'மாணவரின் தேர்வுரிமை எக்காரணம் கொண்டும் மறுக்கப்படமாட்டாது' என்று அவரே தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தமையால், விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு ஏழாம் எண் அறையில் வகுப்பு நடந்தது. கன்னியப்பன் தாழ்வாரத்திலிருந்தே பெயரைக் கூப்பிடுவார். பூர்ணிமா "உள்ளேன் ஐயா" என்பாள். அவர் வருகையைக் குறித்துக்கொண்டு போவார். அதன்பின் அவள் நூலகப் புத்தகத்தைத் திறந்து, தானே படித்து, தானே ஐயுற்று, தானே தெளிவாள். ஒரு கணக்குக்கு மூன்று வாரம் பிடித்தது. விடை கிடைத்த அன்று, சொல்வதற்கு ஆளின்றி மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

தேர்வு நெருங்கியது. பாடம் அறிந்தவரே வினாத்தாள் தயாரிக்க வேண்டும் என்பது விதி. ஜானகிராமன் நான்கு ஆசிரியர்களையும் விசாரித்தார். அவரையும் சேர்த்து நால்வரும் தமக்கு அது தெரியாது என்று எழுத்து மூலம் உறுதியளித்தனர். துறையில் எண் கோட்பாடு அறிந்தவர் பூர்ணிமா ஒருத்தியே. மாணவரின் உறவினர் வினாத்தாள் தயாரிக்கலாகாது என்று ஒரு விதி குறுக்கே வந்தது. சட்ட ஆலோசனை கேட்கப்பட்டது. பூர்ணிமா பூர்ணிமாவுக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லள் என்று பதில் வந்தது. அவளே பரீட்சை அதிகாரியாக நியமிக்கப்பட்டாள்.

எஞ்சியது ரகசியம் காப்பது. அதற்குப் பத்திரம் எழுத நொத்தேரிடம் அனுப்பினார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து பத்திரம் எழுதும் குடும்பத்தில் வந்த முதியவர் அவர்.

"வினாவ மாணவிகிட்ட சொல்லமாட்டேன்னு பரீட்சை அதிகாரி உறுதி குடுக்கணும். ரெண்டு கட்சியும் வந்திருக்கா?"

"வந்திருக்கேன்."

"இப்படி வலப்பக்கம் அதிகாரி நில்லுங்க. மாணவி அந்தப் பக்கம்."

பூர்ணிமா வலப்பக்கம் நின்று கையொப்பமிட்டாள். பிறகு இடப்பக்கம் போய் நின்றாள். இரண்டு கையொப்பமும் ஒன்றுபோல் இருந்தால் வழக்கு வரும் என்று, மாணவியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

முதலில் அவள் நேர்மையான வினாத்தாள் ஒன்றைத்தான் எழுதினாள். ஏழு வினாக்கள், அவற்றுள் இரண்டுக்கு அவளுக்கே விடை தெரியாது. சென்னைக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். அந்த இரண்டும் மாணவர் தரத்துக்கு மீறியவை என்று அதிகாரி என்ற முறையில் அவளுக்குத் தோன்றியது, நீக்கினாள். மூன்றாவது மிக நீளம். நான்காவது தேவையற்ற மன உளைச்சலைத் தரும். இவ்வாறு பாடத்தின் நலனையும் துறையின் நலனையும் முன்னிட்டு வினாக்கள் மாற்றப்பட்டன. தேர்வறையில் முத்திரையிட்ட உறையைப் பிரித்தபோது, விதிப்படி வினாக்களைக் கண்டு வியந்தாள். விடைத்தாளையும் அவளே திருத்தினாள். நூறு போட்டால் ஐயம் வரும் என்பதால், கையெழுத்துக்காக நான்கு குறைத்தாள்.

மதிப்பீட்டுக் குழு வந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பாடம் நடப்பதை நாட்டிலேயே இங்குதான் கண்டதாகக் குறிப்பெழுதி, மிக உயர்ந்த தரத்தை வழங்கிச் சென்றது.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. கன்னியப்பன் அதை இரு கைகளாலும் நீட்டினார்.

"மேடம், உங்களுக்குத்தான்."

இடம் உறுதியாகிவிட்டது. அந்நிறுவனத்தில் எண் கோட்பாட்டுக்கு எவரும் இல்லை என்பதால், மாணவிக்கு அப்பாடம் நடத்திய பேராசிரியரையே ஆய்வு வழிகாட்டியாக ஏற்கத் தீர்மானித்திருந்தார்கள். அவருடைய ஒப்புதலும், மாணவியைப் பற்றிய அந்தரங்கக் குறிப்பும் உடனே தேவை.

பூர்ணிமா ஏழாம் எண் அறைக்குச் சென்று கதவைச் சாத்தினாள். ஒப்புதலில் கையொப்பமிட்டாள். பிறகு சற்று யோசித்து, அந்தரங்கக் குறிப்பை எழுதினாள்:

'நல்ல உழைப்பாளி. ஆனால் பட்டியலில் இருப்பதையெல்லாம் கேட்கும் பழக்கம் உண்டு. தொடக்கத்திலேயே கண்டித்து வைத்திருக்கிறேன்.'