திறந்த பூட்டும் கொட்டாவி நாயும்

அந்தப் பூட்டு பித்தளையா இரும்பா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அன்று நடந்ததில் பாதியை நான் பார்த்தேன், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எது எந்தப் பாதி என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பூட்டு சிற்பியின் கதவில்தான் தொங்கியது. அதைச் சாயக்கா பார்த்தாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்த வினை.

பழைய கிடங்கின் மாடியில் பலகையால் தடுத்த நான்கு அறைகள். ஒன்றில் சிற்பி, ஒன்றில் அச்சுக்காரர், ஒன்றில் பொம்மைக்காரி, கடைசியில் ஓவியம் வரையும் சாயக்கா. கட்டட முதலாளி பேசவே மாட்டார். வாடகை நின்றுபோனால் காவல்காரர் வந்து, கதவின் நாதாங்கியில் ஒரு பூட்டைத் திறந்தபடி மாட்டிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை தவணை. அதற்குள் வாடகை வராவிட்டால் அதே பூட்டை அழுத்திச் சாத்திவிடுவார்.

சாயக்காவுக்கு அந்தப் பயம் கிடையாது. முதலாளியின் புது வீட்டுக்கு ஆள் உயரத்தில் ஓர் ஓவியம் வரைந்து கொடுத்திருந்தாள். அவர் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் ஒரு வருட வாடகையாக வரவு வைத்துக்கொண்டாள்.

சிற்பியின் கதை வேறு. மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். உளியைத் தொட்டு மாதக்கணக்காகிறது. இப்போது கதவில் பூட்டு.

"நாமளே கொஞ்சம் போட்டுக் குடுத்துடலாமா?" என்றார் அச்சுக்காரர்.

"அந்த மனுஷன் வாங்குவாரா? போன தடவை சாப்பாடு கொண்டு போனதுக்கே பதிலுக்குப் பாத்திரத்துல ஒரு யானையைச் செஞ்சு வெச்சுத் திருப்பி அனுப்பினாரு!" என்றாள் பொம்மைக்காரி.

"விற்பனை வைப்போம்" என்றாள் சாயக்கா. அவளுக்கு அதற்குள் கால் தரையில் நிற்கவில்லை. "ஆளுக்கு நாலு உருப்படி. கீழ் ஹால்ல. ஞாயிற்றுக்கிழமை காலைல திறக்கறோம், சாயங்காலத்துக்குள்ள வித்து முடிக்கறோம். யாருக்குன்னு மட்டும் அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது!"

ஆனால் மாடியில் நான்கே அறை. விஷயத்தை மறைப்பதாவது! சாயக்கா தானே போய் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, கலைஞர் ஒருத்தருக்கு ரொம்பக் கஷ்டம். விற்பனை வைக்கறோம். பேரு மட்டும் கேக்காதீங்க."

சிற்பி அவளை நெடுநேரம் பார்த்தார். அவருடைய மௌனம் பழகியவர்களையே வியர்க்க வைக்கும். சாயக்கா பதறிப்போனாள். சந்தேகம் வரக்கூடாதே என்று, அவருக்கு நேர்மாறான ஓர் ஆளை அவசரமாக உருவாக்கினாள்.

"எப்பவும் சிரிச்ச முகம்ணே. வாய் ஓயாது. வரவு செலவுன்னா என்னன்னே தெரியாது. பாவம், நல்ல மனசு."

"ம்" என்றார் சிற்பி. பிறகு, "ரொம்ப நல்ல மனசுதான்" என்றார். எழுந்து உள்ளே போய், ஒற்றைக் கையால் ஒரு கருங்கல் நாயை அணைத்துத் தூக்கிவந்தார். வாயைப் பிளந்து கொட்டாவி விடும் நாய். யார் கேட்டும் அவர் விற்காதது. "இதையும் வெச்சுக்கோ."

சாயக்கா நாயை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன் கஷ்டத்துக்காகவே தானம் கொடுக்கிறாரே மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலைத் திறந்தார்கள். ஒரு ஈ வந்தது. அதுவும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

விற்றுப்போன உருப்படிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது வழக்கம். பொட்டே இல்லாத சுவரில் முதல் ஆளாகக் கை வைக்க எல்லோரும் தயங்குவார்கள். சாயக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு ஆரம்பம் வேண்டுமே என்று, நாயின் பீடத்தில் ஒன்றும் பொம்மைக்காரியின் ராணி பொம்மைக்கு ஒன்றுமாக ஒட்டிவிட்டு டீ வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கையிலிருந்த டீ தளும்பியது. சுவர் முழுக்கச் சிவப்புப் பொட்டு.

"வித்துடுச்சா? எல்லாமே வித்துடுச்சா!" என்று கத்தினாள்.

"ஆமாக்கா! நான் ஒண்ணு ரெண்டு சும்மா ஒட்டினேன், பார்த்தா மத்ததெல்லாம் நிஜமாவே வித்திருக்கு!" என்று குதித்தாள் பொம்மைக்காரி.

அச்சுக்காரர் குதிக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒட்டினது போக மிச்சத்துக்கு நான் ஒட்டினேன்" என்றார். "பொட்டில்லாம ஒண்ணு ரெண்டு மட்டும் நின்னா, அதைச் செஞ்சவங்க மனசு என்ன பாடுபடும்?"

காசு போடும் தகர டப்பாவைத் திறந்தார்கள். காலி.

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். புதிதாக மருத்துவமனை திறக்கும் பல் டாக்டர். அங்கே சுவரெல்லாம் வெறுமையாக இருக்கிறது, ஒரேயடியாக வாங்கிப் போகலாம் என்று வாசலில் வண்டியோடு வந்திருந்தார்.

"ஐயோ, எல்லாம் போயிடுச்சா?" என்றார்.

"இல்லைங்க, சிலது வேணாம்னு திருப்பிட்டாங்க" என்று அச்சுக்காரர் அவசரமாக நாலு பொட்டைப் பிய்த்தார்.

டாக்டர் முகம் மாறியது. "வாங்கினவங்களே வேணாம்னாங்களா? ஏன், என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்லை!" சாயக்கா பொட்டுகளைப் பிடுங்கித் திரும்ப ஒட்டினாள். "இவரு உளர்றாரு. ஒரே ஆள்தான், மொத்தத்தையும் வாங்கிட்டாரு. பெரிய புள்ளி."

"அப்படியா! அவர்கிட்ட நான் பேசறேன். எங்க இருக்காரு?"

சாயக்கா வாசலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விற்பனை எப்படிப் போகிறது என்று பார்க்கச் சிற்பி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"இதோ, அவரே வந்துட்டாரே!" என்றாள்.

சிற்பி நின்றார். பொட்டுகளைப் பார்த்தார். காலி டப்பாவைப் பார்த்தார். சாயக்காவின் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. என்ன விஷயம்?"

"இதெல்லாம் எனக்கு விட்டுக்குடுக்க முடியுமா சார்?"

"முடியாது."

சாயக்கா சிற்பிக்குக் கண்ணைக் காட்டினாள்.

"ஒட்டியிருக்கற விலைக்கு மேலயே தரேன் சார்."

"மேலன்னா? எவ்வளவு மேல?" சிற்பி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். தன் சிலைக்கு விலை சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள், அன்று காய்கறிச் சந்தையில் பிறந்தவர் போலப் பேரம் பேசினார். டாக்டர் ஏறினார். சிற்பி பெருமூச்சு விட்டார். டாக்டர் இன்னும் ஏறினார்.

"கையில என்ன சார் கட்டு?" என்றார் டாக்டர் நடுவில்.

"ஏலத்துல கையைத் தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு."

பொம்மைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பொம்மைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"சரி, எடுத்துக்கோங்க" என்றார் சிற்பி கடைசியில். "நாயை மட்டும் விடுங்க."

"அந்த நாய்தான் சார் முக்கியம்! கடைவாய்ப் பல் வரைக்கும் அச்சு அசல். இதைப் பார்த்தா நமக்கும் கொட்டாவி வருது. எங்கிட்ட வர்றவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிடுது. இது இருந்தா தானாத் திறந்துடுவாங்க."

சிற்பி நாயின் தலையை இடது கையால் ஒருமுறை தடவினார். "கொண்டு போங்க" என்றார்.

வண்டி கிளம்பியதும் ஹாலில் ஒரே கூத்து. அச்சுக்காரர் பொம்மைக்காரியின் கையைப் பிடித்துச் சுற்றினார். சிற்பி மட்டும் நிரம்பிய டப்பாவைத் தொடாமல் சாயக்கா பக்கம் தள்ளினார்.

"அந்தச் சிரிச்ச முகத்துகிட்ட சேர்த்துடு. பேரு எனக்கு வேணாம்."

இனி இதை அவர் தலையில் எப்படிக் கட்டுவது? சாயக்காவுக்கு ஒரே வழிதான் தோன்றியது. டப்பாவை அணைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சாயங்காலமாகிவிட்டதால் காவல்காரர் அப்போதுதான் சிற்பியின் கதவில் தொங்கிய பூட்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இந்தாங்க, சிற்பி அண்ணன் வாடகை. பாக்கி இல்லாம எடுத்துக்கோங்க. பூட்டாதீங்க!"

காவல்காரர் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவருக்கு எதுக்கும்மா? அவரு கையிலிருந்ததை எல்லாம் போட்டு வருஷம் முழுக்கக் கட்டிட்டாரே. பூட்டை நான் மாட்டினது உங்க கதவுல. மறுநாள் பார்த்தா இங்க தொங்குது. என்னங்கய்யான்னு அவரைக் கேட்டேன். 'ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கட்டும், அந்தப் பொண்ணு பார்த்தா சிரிப்பை நிறுத்திடும்'னாரு."

சாயக்கா டப்பாவைத் திறந்து, தன் வாடகைப் பாக்கியை எண்ணிக் கொடுத்தாள்.

சிற்பியின் கை சேர்ந்துவிட்டது. நாய் பல் டாக்டரின் வாசலில் இருக்கிறது. அங்கே வருகிற எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள். அச்சுக்காரரும் பொம்மைக்காரியும் காசு டப்பாவில் விழுந்த பிறகுதான் பொட்டு ஒட்டுகிறார்கள். முதலாளி தன் வீட்டு ஓவியத்தைப் பரிசு என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். சாயக்கா அதே அறையில், மாதாமாதம் வாடகை கட்டி வருகிறாள். பூட்டு பித்தளை என்று அவள் சொல்கிறாள். சிற்பியைக் கேட்டால், எந்தப் பூட்டு என்கிறார்.